தராசுக்குப் பக்கத்தில் நிற்பது யார்? வளர்ச்சித் திட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிதி அமைச்சகங்களிலும் வளர்ச்சி வங்கிகளிலும் திட்டக் குழுக்களிலும் அமர்ந்து, ஒரு நாடு எந்த வழியில் முன்னேற வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் நிபுணர்களுக்கு,

வணக்கம்.

நான் பொருளாதார வரலாறு கற்பிக்கும் ஆசிரியர். உங்கள் அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். மாணவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்ததும் உண்டு. அவற்றில் உழைப்பு தெரிகிறது, அக்கறையும் தெரிகிறது. முதலீடு எவ்வளவு, வேலை எத்தனை பேருக்கு, ஏற்றுமதி எந்த அளவுக்கு உயரும் என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டிருப்பீர்கள். கடைசியில், பின்னிணைப்புக்குச் சற்று முன்னால், ‘சமூகத் தாக்கம்’ என்று நாலைந்து பக்கம் வரும். எத்தனை குடும்பங்கள் இடம்பெயரும், எத்தனை பேருக்குப் பயிற்சி தரப்படும் என்று அதில் இருக்கும். அந்த நாலைந்து பக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு தொழில் ஓர் ஊருக்கு வரும்போது சம்பளம் மட்டும் வருவதில்லை. யார் யாரோடு தோள் உரசி வேலை செய்வார்கள், கணக்கை யார் எழுதுவார்கள், அந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கும் என்பதெல்லாம் கூடவே வந்து இறங்குகிறது. ஊரின் அரசியல் அங்கேதான் வேர்பிடிக்கிறது. செல்வமும் ஜனநாயகமும் சேர்ந்தே காணப்படுகின்றன என்று 1959-இல் சீமோர் மார்ட்டின் லிப்செட் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் எழுதினார். அதைப் பலரும் ‘முதலில் வளரட்டும், மற்றதெல்லாம் தானாக வரும்’ என்று சுருக்கிக்கொண்டார்கள். எனக்கு இந்தச் சுருக்கத்தில் உடன்பாடு இல்லை. எவ்வளவு வளர்ந்தது என்பதைக் காட்டிலும் எப்படி வளர்ந்தது என்பதுதான் மக்களை உருவாக்குகிறது என்று நம்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கம். கீழே வெட்டிய கரி தொட்டிவண்டியில் மேலே வருகிறது. வண்டியில் ஒரு சிறு வில்லை தொங்கும்; இது இன்னார் வெட்டியது என்று அதை வைத்துத்தான் தெரியும். சுரங்க வாயிலில் ஒரு எடைமேடை. எடைக்கு ஏற்பத்தான் கூலி. எடை போடுவது முதலாளியின் ஆள். கல் கலந்திருக்கிறது, தூள் அதிகமாக இருக்கிறது என்று அவர் எடையைக் குறைத்து எழுதினால், பூமிக்கு அடியில் குனிந்து கிடக்கும் மனிதருக்கு அது எப்படித் தெரியும்? கூலி வாங்கும் நாளில்தான் தெரியும். அப்போது கேட்டு என்ன பயன், கரிதான் போய்விட்டதே.

இதற்காகத் தொழிலாளர்கள் விடாமல் போராடினார்கள். 1860-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு ஓர் உரிமை கொடுத்தது. தங்கள் சார்பில் ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து, தங்கள் கைக்காசிலேயே சம்பளம் கொடுத்து, அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாம். முதலாளியின் ஆள் எழுதும் எண்ணை இவரும் தன் நோட்டில் எழுதுவார். அப்படிப்பட்டவர்களை விரட்டியடிக்க முதலாளிகள் பல வழிகளில் முயன்றார்கள். 1887-இல் வந்த சட்டம் இந்த உரிமையை இன்னும் கெட்டியாக்கியது.

அந்த மனிதர் செய்தது எண்ணைக் குறித்துவைக்கும் வேலைதான். ஆனால் அவரைச் சுற்றி நடந்ததைப் பாருங்கள். 1860-இல் சுரங்கத் தொழிலாளிகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு ஓட்டு இல்லை. அப்படிப்பட்டவர்கள் கூடிப் பேசி ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்குத் தெரிந்தவராக வேண்டும், மிரட்டலுக்கு மசியாதவராகவும் வேண்டும். அவருக்காகத் தொடர்ந்து காசு வசூலிக்கிறார்கள். வசூலித்த காசுக்குக் கணக்குக் கேட்கிறார்கள். தேர்தல், வரி, தணிக்கை என்று நாம் பெரிய பெரிய சொற்களால் குறிப்பிடுகிறவற்றை அவர்கள் சுரங்க வாயிலில் செய்து பழகினார்கள். சங்கத் தலைவர்களாக ஆன எத்தனையோ பேர் அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நின்று தொடங்கியவர்கள். அங்கிருந்து நாடாளுமன்றம் வரை போனவர்களும் உண்டு.

தெற்கு வேல்ஸில் டிரெடகார் என்ற சுரங்க ஊர் இந்தப் பழக்கத்தை இன்னொரு படி மேலே கொண்டுபோனது. தொழிலாளர்கள் சம்பளத்தில் பவுண்டுக்குச் சில பென்ஸ் வீதம் ஒரு பொது நிதியில் போட்டார்கள். அதிலிருந்து மருத்துவர், மருந்து, மூக்குக்கண்ணாடி, விபத்தில் கால் போனவருக்குச் செயற்கைக் கால். அதே ஊரில் 1897-இல் பிறந்து, பதின்மூன்று வயதில் சுரங்கத்துக்குள் இறங்கி, ஊர் மருத்துவமனையின் நிர்வாகக் குழுவிலும் இருந்தவர் அனைரின் பெவன். அவர் 1945-இல் சுகாதார அமைச்சரானார். 1948 ஜூலை 5 அன்று பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. டிரெடகார் மக்கள் ஒரு தலைமுறையாகப் பெற்றுவந்ததைத்தான் நாடு முழுவதற்கும் விரிக்கிறேன் என்று பெவனே சொன்னார். எந்த வளர்ச்சித் திட்டமும் இதைக் கணக்குப் போட்டு வைத்திருக்கவில்லை. நிலக்கரி எடுக்கும் வேலை மனிதர்களை எப்படி ஒன்றுசேர்த்ததோ, அதன் விளைவு இது.

சரி, ஆயிரம் பேர் ஒரே குழிக்குள் இறங்கும் தொழில் என்பதால் அப்படி ஆயிற்று என்று சொல்வீர்கள். விவசாயத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரே பயிர், ஒரே மத்திய அமெரிக்கா, ஒரே உலகச் சந்தை. காபி.

குவாத்தமாலாவில் 1871-இல் ஆட்சியைப் பிடித்தவர்கள் காபிதான் நாட்டின் எதிர்காலம் என்று தீர்மானித்தார்கள். தோட்டத்துக்கு நிலம் வேண்டும், பறிக்க ஆள் வேண்டும். மாயா மக்களின் பொது நிலங்கள் கைமாறின. 1877-இல் வந்த விதிகள் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கட்டாயமாகத் தோட்டத்துக்கு அனுப்ப வழிசெய்தன. பிறகு கடன் என்னும் கயிறு. 1934-இல் சர்வாதிகாரி ஹோர்ஹே உபிகோ கடன் கொத்தடிமையை நீக்கிவிட்டு வேறொரு சட்டம் கொண்டுவந்தார். வேலையில்லாமல் திரிவது குற்றம் என்றது அது. கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர் ஆண்டுக்கு 100 நாள், நிலமே இல்லாதவர் 150 நாள் தோட்டத்தில் வேலை செய்ததாகக் காட்ட வேண்டும். அதற்கு ஒவ்வொருவரும் ஒரு சிறு கைப்புத்தகம் வைத்திருக்க வேண்டும்.

இந்தப் புத்தகத்தை என் வகுப்பில் எப்போதும் நிறுத்தி நிதானமாகச் சொல்வேன். நாள் கணக்கை அதில் எழுதுவது தோட்டத்துக்காரரின் ஆள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. எழுதாமல் விட்ட நாள் செய்யாத நாள். நூற்றைம்பது நாள் முதுகொடிய உழைத்தவர் புத்தகத்தில் எண்பது என்று இருந்தால் அவர் குற்றவாளி. சாலையில் காவலர் பிடித்தால் சிறை, அல்லது கூலியில்லாத சாலை வேலை. பிரிட்டிஷ் சுரங்கத்திலும் ஒரு நோட்டு இருந்தது, குவாத்தமாலா தோட்டத்திலும் ஒரு நோட்டு இருந்தது. அங்கே அது தொழிலாளியின் கையில் இருந்த ஆயுதம். இங்கே அவரைக் கட்டிப்போட்ட சங்கிலி.

இப்படி வளர்ந்த காபிக்குக் காவலாகப் பட்டாளம் தேவைப்பட்டது. 1944-இல் உபிகோ வீழ்ந்தார், 1952-இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது, 1954-இல் அமெரிக்க உளவு அமைப்பின் துணையோடு அதைக் கொண்டுவந்த அரசே கவிழ்க்கப்பட்டது. 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 2 லட்சத்துக்கு மேல் என்று உண்மை அறியும் ஆணையம் மதிப்பிட்டது. அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள்.

கோஸ்டா ரிகாவில் நிலம் இருந்தது, ஆட்கள் குறைவு. கட்டாயப்படுத்தி இழுத்துவர முடியாத நிலை. அதனால் அங்கே காபி பெரும்பாலும் சிறு குடும்பங்களின் கையில் வளர்ந்தது. அதை நான் சொர்க்கம் என்று சொல்லவில்லை. பழத்தைப் பதப்படுத்தும் ஆலைகளும் கடனும் ஏற்றுமதியும் சில குடும்பங்களின் பிடியில் இருந்தன. ஆனால் சண்டை எதைப் பற்றியது என்று கவனியுங்கள். பழத்துக்கு என்ன விலை என்பதைப் பற்றியது. நிலம் வைத்திருப்பவர், பள்ளிக்குப் போனவர், சங்கம் சேர்க்கத் தெரிந்தவர் போடும் சண்டை அது. அங்கே ஆரம்பக் கல்வி 1869-இலேயே இலவசம், கட்டாயம் என்று ஆகியிருந்தது. 1933-இல் விவசாயிக்கும் ஆலைக்காரருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலை ஒழுங்குபடுத்த ஓர் அரசு நிறுவனம் வந்தது. தராசுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வந்துவிட்டார் என்று இதை நான் படிக்கிறேன். 1948 டிசம்பரில் அந்த நாடு தன் ராணுவத்தையே கலைத்துவிட்டது. அதே கோஸ்டா ரிகாவின் கரீபியன் கரையில் அந்நிய வாழைத் தோட்டங்கள் இருந்தன. அங்கே வழி வேறு, அரசியலும் வேறு: 1934-இல் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. ஒரு நாட்டுக்கு ஒரே பாதை என்று எழுதும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு ஆசியாவைப் பற்றி எழுதும்போது நீங்கள் தென்கொரியாவையும் தைவானையும் ஒரே மூச்சில் சொல்கிறீர்கள். ஏற்றுமதியால் எழுந்த இரண்டு அதிசயங்கள். இரண்டிலும் நிலச் சீர்திருத்தம், இரண்டிலும் சர்வாதிகாரம், இரண்டிலும் 1987-ஐ ஒட்டித் திருப்பம். எனக்கு அவற்றின் வேற்றுமைதான் பெரிதாகப் படுகிறது.

தைவானில் 1949-இல் குத்தகை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஆயிற்று. 1953-இல் நிலம் உழுபவருக்கே வந்தது. பின்னாளில் அந்த நிலமுள்ள குடும்பங்களின் பிள்ளைகள் சிறு பட்டறை வைத்தார்கள். ‘கறுத்த கை முதலாளி ஆகும்’ என்பது அங்கே வழங்கும் பேச்சு. இன்று மசி படிந்த கையோடு இயந்திரம் ஓட்டுபவர் நாளை சொந்தப் பட்டறை போடுவார். 1970-களில் ‘வரவேற்பறையே தொழிற்சாலை’ என்று அரசே ஊக்குவித்தது. பொழுது சாய்ந்ததும் முன்னறையில் மூட்டை பிரிக்கப்படும். கிறிஸ்துமஸ் விளக்கு, குடைக் கம்பி, ஏதோ ஒன்று. பாட்டி முதல் பள்ளிப் பிள்ளை வரை உட்கார்ந்து கோப்பார்கள். எண்ணிக்கைக்குக் காசு. அந்த அறையில் தராசு யாரிடம் இருக்கிறது? மாமியாரை எதிர்த்து மருமகள் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. அங்கே தொழிற்சங்கம் பலவீனமாகவே இருந்தது. எதிர்ப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது: வழக்கறிஞர்கள், உள்ளூர் வியாபாரிகள், ‘இது எங்கள் தீவு’ என்ற உணர்வு. பட்டறைகள் ஊருக்குள்ளேயே இருந்ததால் புகையும் கழிவும் ஊருக்குள்ளேயே வந்தன, ஊர்கள் எழுந்தன. 1986-இல் லூகாங் மக்கள் எழுப்பிய எதிர்ப்பால் ஒரு பெரிய ரசாயன ஆலைத் திட்டமே மறு ஆண்டு கைவிடப்பட்டது. முதல் எதிர்க்கட்சி 1986-இல் உருவானது, ராணுவச் சட்டம் 1987-இல் விலக்கப்பட்டது.

தென்கொரியா பெரிய நிறுவனங்களை நம்பியது. அதற்கு முன்பே, சியோலின் பியோங்வா சந்தையில் தையல் பட்டறைகள். ஒரு தளத்தைக் குறுக்கே பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். மேல் பாதியில் நிமிர்ந்து நிற்க முடியாது. பதின்வயதுப் பெண்கள் நூல் தூசிக்குள் நாளெல்லாம் குனிந்து தைத்தார்கள். வேலை நேரத்தைக் கட்டுப்படுத்தும் தொழிலாளர் சட்டம் 1953 முதலே இருந்தது. ஜியோன் டே-இல் என்ற இளைஞர், துணி வெட்டுபவர், அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தார். தானே கேள்வித்தாள் தயாரித்துத் தொழிலாளிகளிடம் கொடுத்து, எத்தனை மணி நேர வேலை, யாருக்குக் கண் நோய், யாருக்கு நெஞ்சு நோய் என்று கணக்கெடுத்து அதிகாரிகளிடம் மனுவாகக் கொடுத்தார். யாரும் கேட்காமலேயே தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றவர் அவர். எதுவும் நடக்கவில்லை. 1970 நவம்பர் 13 அன்று, 22 வயதில், தீக்குளித்தார். நாங்கள் இயந்திரங்கள் அல்ல என்பது அவருடைய முழக்கம்.

அதே 1970-இல்தான் அந்நிய முதலீட்டு நிறுவனங்களில் சங்கத்தையும் வேலைநிறுத்தத்தையும் கட்டுப்படுத்தத் தென்கொரிய அரசு ஒரு தனிச் சட்டம் போட்டது. முதலீட்டை ஈர்ப்பதற்கு என்றார்கள். பக்கத்தில் நிற்கும் உரிமையைப் பறித்தால் மனிதர்கள் வேறு இடம் தேடிப் போய் நிற்பார்கள். 1979 ஆகஸ்டில், மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் பெண் தொழிலாளிகள் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். காவல்துறை புகுந்தது, ஒரு பெண் இறந்தார். எதிர்க்கட்சித் தலைவர் நாடாளுமன்றத்திலிருந்து நீக்கப்பட்டார், அவருடைய வட்டாரமான பூசானில் கலகம் மூண்டது, அக்டோபர் 26 அன்று அதிபர் பார்க் சுங்-ஹீ தன் உளவுத் தலைவராலேயே சுடப்பட்டார். 1987 கோடையில் உல்சானின் பெரிய ஆலைகளில் தொடங்கி மூன்றே மாதங்களில் 3,000-க்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்கள். அத்தனை பேரை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து சேர்த்தது அரசின் கனரகத் தொழில் திட்டம்தான். அப்புறம் இன்னொன்று: ஆலைகள் தலைநகரிலும் தென்கிழக்கிலும் குவிந்தன, தென்மேற்கின் ஜொல்லா பகுதி ஒதுக்கப்பட்டது. அந்தக் காயம் பல பத்தாண்டுகளுக்கு வாக்குப் பெட்டியில் வட்டாரப் பிளவாகவே தெரிந்தது. வரைபடத்தில் ஆலைக்குப் புள்ளி வைத்தபோது யாராவது இதை யோசித்திருப்பார்களா?

எண்ணெயைப் பற்றி நீங்களே நிறைய எழுதிவிட்டீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணெய்க் குழாய்க்கு ஆட்கள் அதிகம் தேவையில்லை. மக்களிடம் வரி கேட்க வேண்டிய தேவையும் அரசுக்குக் குறைந்துவிடுகிறது. 1969-இல் எண்ணெய் கிடைத்தபோது நார்வேயில் நாடாளுமன்றமும் சங்கங்களும் வரி கட்டும் பழக்கமும் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தன. நைஜீரியாவில் 1956-இல், விடுதலைக்கு முன்பே கிடைத்துவிட்டது. வருவாயில் பாதி அது கிடைக்கும் வட்டாரத்துக்கு என்பது விடுதலையின்போது இருந்த ஏற்பாடு. ராணுவ ஆட்சிகள் அதைக் கரைத்துக்கொண்டே போயின. நைஜர் கழிமுகத்து மக்களுக்காகக் கேள்வி கேட்ட கென் சாரோ-விவா 1995-இல் தூக்கிலிடப்பட்டார். எது முதலில் வந்தது என்பதே இங்கே பாதி விடை.

இனி, நீங்கள் எழுதவே எழுதாத பக்கம்: மூடுவது.

டிரெடகாரும் அதையடுத்த எப்பு வேலும் சேர்ந்த பிளைனவ் குவெண்ட் வட்டாரத்தில் சுரங்கங்கள் போயின. நாடு தழுவிய ஓராண்டு வேலைநிறுத்தம் 1985 மார்ச்சில் தோற்றது. எப்பு வேல் எஃகு ஆலையும் 2002-இல் மூடப்பட்டது. பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி வந்தது. சாலை வந்தது, கல்விக்கூடம் வந்தது. 2016 வாக்கெடுப்பில் அந்த வட்டாரம் ஒன்றியத்தை விட்டு வெளியேறவே 62 சதவீதம் வாக்களித்தது. வேல்ஸில் அதுதான் மிக அதிகம். வாங்கிய கைக்கு நன்றியில்லை என்று அப்போது பலர் எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு மனசு வலித்தது. மருத்துவமனையைத் தாங்களே நடத்திய ஊர் அது. அவர்களுக்கு நல்லது எது என்று வேறெங்கோ தீர்மானித்து, பெயர்ப்பலகை மாட்டிக் கொடுத்தார்கள். பணம் வந்தது, எங்கே என்ன கட்டுவது என்ற தராசுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு இடம் வரவில்லை.

ஜெர்மனியின் ரூர் வட்டாரத்திலும் நிலக்கரி முடிந்தது. 1957-இல் ஜெர்மன் சுரங்கங்களில் ஏறக்குறைய 6 லட்சம் பேர் வேலை செய்தார்கள். ஆனால் 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலக்கரி, எஃகு நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. எந்தச் சுரங்கத்தை எப்போது மூடுவது என்று பேசும் மேசையிலேயே அவர்கள் இருந்தார்கள். சுரங்கங்களை ஒரே நிறுவனமாக 1968-இல் சேர்த்து, ஐம்பது ஆண்டுகளில் மெல்ல மெல்ல மூடினார்கள். பல்கலைக்கழகமே இல்லாதிருந்த வட்டாரத்தில் 1965-இல் போஹும் நகரில் பல்கலைக்கழகம் திறந்தது. துருக்கியிலிருந்து வந்த தொழிலாளிக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு இல்லை. ஆனால் 1972-க்குப் பிறகு ஆலைத் தொழிலாளர் குழுத் தேர்தலில் அவர் வேட்பாளராகவே நிற்கலாம். கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பர் 21 அன்று போட்ராப்பில் மூடியது. கடைசிக் கரித் துண்டைச் சுரங்கத் தொழிலாளிகள் நாட்டின் குடியரசுத் தலைவர் கையில் கொடுத்தார்கள். ரூரின் வறுமை தீர்ந்துவிடவில்லை. கெல்சன்கிர்ஷன் இன்றும் ஜெர்மனியில் வேலையின்மை மிகுந்த நகரங்களில் ஒன்று. இதற்கு ஆன செலவும் மிக அதிகம். ஆனாலும் ஒரு தலைமுறை நடுத்தெருவில் விடப்படவில்லை.

அரசியல் எங்கள் வேலை அல்ல என்று நீங்கள் சொல்லலாம். ஏற்றுமதி மண்டலத்தில் சங்கம் கூடாது என்று ஒரு வரி எழுதும்போது அந்த வேலையைச் செய்துவிட்டீர்கள். நிலத்தை நூறு பேருக்குப் பதில் ஒருவருக்குக் குத்தகை விடலாம் என்று எழுதும்போதும் அதைத்தான் செய்கிறீர்கள்.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த திட்டத்தில் ‘சமூகத் தாக்கம்’ பகுதியைக் கடைசியிலிருந்து எடுத்து முதலில் வையுங்கள். இந்தத் தொழிலில் எதை அளந்து கூலியோ விலையோ தரப்படும், அதை அளப்பது யார், அளக்கப்படுகிறவர்களின் ஆள் பக்கத்தில் நிற்க முடியுமா, நின்றால் அவருக்குப் பாதுகாப்பு என்ன என்று எழுதுங்கள். வீட்டு முன்னறையில் நடக்கும் வேலையாக இருந்தால் அந்த அறையைப் பற்றியும் எழுதுங்கள். இந்தத் தொழில் ஒருநாள் மூடப்படும்போது அந்த முடிவை எடுக்கும் மேசையில் யார் யாருக்கு இடம் என்பதையும் திறப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். எழுதியதை அந்தந்த ஊர் மக்களின் மொழியில், அவர்கள் ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ அவகாசம் இருக்கும்போதே வெளியிடுங்கள்.

அப்படி ஓர் அறிக்கை வந்தால் எனக்கு ஒரு படி அனுப்புங்கள். அடுத்த பருவத்தில் அதைத்தான் முதல் பாடமாக வைப்பேன்.

அன்புடன்,
உங்கள் அறிக்கைகளை விடாமல் படித்துவரும் ஓர் ஆசிரியர்